இடப்பக்கம் பாடாத எட்டு ஹெட்போன்கள்

வாலாஜாபாத்
8-6-2025, ஞாயிறு

கவிப்பிரியாவுக்கு உன் மாமா தணிகாசலம் எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காகக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் வரி போகப் போக மேலே ஏறுகிறது. 'ழ' எழுத எனக்குத் தனியாக ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது. பேனாவை அழுத்தி எழுதுவதால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன், இப்போது உன் அத்தை கனகம் மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிடுகிறாள். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. சந்தேகமாக இருந்தால் அவளைக் கேள்.

அறுபத்தெட்டு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன், கவி. பஞ்சாயத்துப் பள்ளியில் சாயங்கால வகுப்பு. சத்யப்பிரியா டீச்சர் சொல்லித் தருகிறார். பஸ் போர்டை முதன்முதலாக நானே படித்த அன்று, அதில் எழுதியிருக்கிற ஊருக்குத்தான் பஸ் போகிறதா என்று பார்க்க, வேலை ஒன்றும் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்பினேன். போர்டு பொய் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிவசங்கருக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு. பகலில் தூங்குகிறான். அப்போது வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. என் போனில் நாதஸ்வரம் தவில் பதிவு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க நான் புளியமரத்தடிக்குப் போகிறேன். அங்கே போனால் டிரெய்லர் லாரிச் சத்தம். போன வாரம் சிவசங்கர் சொன்னான்: "எப்பா, காதை முழுசா மூடுற ஹெட்போன் வாங்கிக்க. நீ கேக்குறது வெளிய வராது, வெளிய இருக்கறது உள்ள வராது. வாங்குறத நல்லதா வாங்கு. நம்ம கவி ஹெட்போன் கம்பெனிலதான செக்கிங்ல கீது, அதக் கேளு."

இருபது வருடம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவன் நான். ஒரு சாமானாவது ஒசத்தியாக வாங்கிப் பார்க்க ஆசை. ஆனால் யாரும் என்னை ஏமாற்றக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது என்று எழுது. உனக்கு இதில் கமிஷன் உண்டா என்பதையும் எழுது.

போன் செய்யாதே. பேச்சில் சொன்னதைச் சொல்லவில்லை என்பார்கள், சொல்லாததைச் சொன்னேன் என்பார்கள். உன் கல்யாணத்தில் அதுதானே நடந்தது? பத்திரிகை அடிக்கும் முன் தாய்மாமனிடம் தேதி கேட்பது முறை. உன் அம்மா கேட்கவில்லை. அச்சடித்த பத்திரிகையைச் சிவசங்கர் கையில் கொடுத்து அனுப்பினாள், கரண்டு பில் மாதிரி. நான் வரவில்லை. கேட்டால், "முன்னாடியே சொன்னேனே" என்கிறாள். நாலு வருடமாக இதையே சொல்கிறாள்.

இந்தக் கடிதம் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தணிகாசலம்


படப்பை
15-6-2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டே படித்தேன். பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். பரவாயில்லை. உங்கள் 'ழ' என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

எனக்குக் கமிஷன் கிடையாது. எங்கள் கம்பெனி சாமானை வாங்குங்கள் என்றும் நான் சொல்லப் போவதில்லை.

நீங்கள் தேடுவது பின்பக்கம் அடைத்த ஹெட்போன். சில ஹெட்போன்களில் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும். பாட்டு பக்கத்து ஆளுக்கும் கேட்கும். அடைத்ததில் கேட்காது, சிவசங்கர் அத்தான் தூக்கம் கெடாது. ஆனால் அடைத்த வகையில் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நூலளவு சந்து இருந்தாலும் அடிச்சத்தம் ஓடிவிடும், தவில் தகர டப்பா ஆகிவிடும். நீங்கள் இப்போது கண்ணாடி போடுகிறீர்கள் என்று அத்தான் சொன்னார். அதன் காம்பு மெத்தையைத் தூக்கும். போட்டும் கழற்றியும் கேட்டுப் பாருங்கள்.

விலையைக் காதில் கேட்க முடியாது, மாமா. கடையில் உட்கார்ந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போடச் சொல்லுங்கள். தெரியாத பாட்டில் எல்லாமே இனிமையாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் தலையில் வையுங்கள். தாடை வலிக்கிறதா, உச்சந்தலை அழுந்துகிறதா, காது மடல் உள்ளே எதிலும் இடிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காதை மேலிருந்து கீழே நூலால் அளந்து அந்த நூலைக் கையோடு கொண்டுபோங்கள். கிண்ணத்தின் உள்ளளவு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னேன் என்கிறார், நீங்கள் சொல்லவில்லை என்கிறீர்கள். நான் அந்த இடத்தில் இல்லை. மணவறையில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரர் நின்றார். அவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கவி


வாலாஜாபாத்
29-6-2025

கவிப்பிரியாவுக்கு,

நூலால் காதை அளந்தேன். உன் அத்தை பார்த்துவிட்டு, "இன்னாயா, காதுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?" என்றாள். அளவு எதற்கு என்று முதலில் எனக்கும் சந்தேகம்தான். கடையில் புரிந்தது.

நேற்று சிவசங்கரோடு சென்னைக்குப் போனேன். கதவைச் சாத்தினால் ரோடே இல்லை என்கிற மாதிரி ஒரு அறை. வரிசையாக எட்டு செட்டு வைத்திருந்தார்கள். விற்கிற பையன் வனமாமலை என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். அதையும் நானே படித்தேன்.

முதல் செட்டு தலையை இடுக்கி மாதிரி கவ்வியது. இரண்டாவது, குனிந்தால் கழன்று விழுந்தது. மூன்றாவதில் காது மடல் உள்ளே எதையோ முட்டியது. நாலாவதில் நாதஸ்வரம் சைக்கிள் பீப்பி மாதிரி வந்தது. பையன், "ஐயா, கண்ணாடியக் கழட்டிட்டுக் கேளுங்க" என்றான். விலைச் சீட்டை நான் படிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். சீட்டைப் படித்து முடித்துவிட்டு அப்புறம்தான் கழற்றினேன். நாதஸ்வரம் கனமாக வந்தது. நீ சொன்னது சரி. ஆறாவது செட்டு தலையில் இருப்பதே தெரியவில்லை. மெத்தை ஆட்டுக்குட்டி வயிறு மாதிரி இருந்தது.

ஆனால் கவி, பெரிய மோசடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

என் பதிவில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் சரிசமமாக வாசிப்பார்கள். போனில் போட்டால் இருவரும் இருக்கிறார்கள். ஹெட்போனில் தவில்காரரைக் காணோம். வலப்பக்கம் நாதஸ்வரம் மட்டும். இடப்பக்கம் சும்மா மெத்தை. எட்டு செட்டிலும் அப்படித்தான்! "தம்பி, தவிலு எங்கப்பா?" என்று கேட்டேன். பையன் தன் காதில் வைத்துப் பார்த்து, "நல்லா வருதே ஐயா" என்றான். சிவசங்கர் வைத்துப் பார்த்து, "சூப்பரா கீதுப்பா, தவிலு மண்டையில அடிக்குது" என்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது. இவனும் அவனோடு சேர்ந்துவிட்டான்.

வாங்காமல் வந்துவிட்டேன். உன்னை நேராகவே கேட்கிறேன். உங்கள் கம்பெனிகளில் இடப்பக்கத்துக்குள் ஒன்றும் வைக்காமலே அனுப்புகிறீர்களா? உண்மையைச் சொல். வேலைக்குப் பயமாக இருந்தால், கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுகிறேன்.

தணிகாசலம்


படப்பை
4-7-2025

அன்புள்ள மாமா,

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை மட்டும் இன்று எழுதுகிறேன்.

நான் உட்காருவது சத்தம் புகாத ஒரு சின்ன அறை. செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் உடனே சிவப்பு அட்டை கட்டக் கூடாது. முதலில் செட்டைத் திருப்பி மாட்ட வேண்டும். இடது கிண்ணம் வலது காதுக்கு, வலது கிண்ணம் இடது காதுக்கு. பிறகு மறுபடி கேட்க வேண்டும். குறை கிண்ணத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனால், செட்டுக்குச் சிவப்பு அட்டை. குறை இருந்த இடத்திலேயே இருந்தால், செட்டு பாஸ்.

இத்துடன் என் வீட்டுக்காரர் பிரசன்னாவிடம் என் சொந்த ஹெட்போனைக் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் நானே கேட்டுப் பார்த்தது. அதே நாதஸ்வரப் பதிவைப் போட்டு, நேராக ஒரு முறை, திருப்பி ஒரு முறை கேளுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

இதற்கு மேல் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதீர்கள். நன்றாகவே அடித்திருக்கிறேன்.

கவி


வாலாஜாபாத்
13-7-2025

கவிப்பிரியாவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் திங்கட்கிழமையே கொண்டுவந்து கொடுத்தார். காபி குடித்தார். அவரிடம் நான் முதன்முதலாகப் பேசினேன். நல்ல பிள்ளையாகத் தெரிகிறார். அதையும் இன்னும் கொஞ்சம் நாள் பார்க்க வேண்டும்.

நேராக மாட்டினேன். நாதஸ்வரம் மட்டும். திருப்பி மாட்டினேன். தவில் வந்துவிட்டது! கை தட்டிச் சிரித்தேன். கனகம் ஓடி வந்து, "மெதுவாயா, புள்ள தூங்குறான்" என்றாள். "தவிலு வந்துடுச்சிடி" என்றேன். அப்புறம்தான் கவனித்தேன். இப்போது நாதஸ்வரத்தைக் காணோம்.

நேராக. திருப்பி. நேராக. திருப்பி. பத்து முறை. வலப்பக்கம் யார் உட்கார்ந்தாலும் வாசிக்கிறார்கள். இடப்பக்கம் யார் போனாலும் ஊமையாகிவிடுகிறார்கள். நீ ஏதோ செய்து அனுப்பியிருக்கிறாய் என்று சந்தேகப்பட்டுக் கனகம் தலையில் மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் ஜோரா கீது. கோயில்ல நடுவுல உக்காந்த மாதிரி" என்றாள். அவளுக்கு உன்னோடு கூட்டு இல்லை.

மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். நான்காம் நாள் சத்யப்பிரியா டீச்சரிடம் கேட்டேன். "ஏம்மா, என்ன எதுக்கு எப்பவும் சுவரோரம் இடப்பக்கமா உக்கார வெக்கிற?" அவர் சொன்னார்: "அங்க இருந்தாதான் ஐயா நான் கூப்புட்டா உங்களுக்குக் கேக்குது. வேற எடத்துல உக்காந்தா கேக்கறதில்ல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. போனை ஏன் எப்போதும் வலது காதில் வைக்கிறேன் என்று நான் யோசித்ததே இல்லை. பிரஸ் ஷாப்பில் மிஷின் எனக்கு இடது கைப் பக்கம்தான் நின்றது.

செட்டு பாஸ், கவி.

உன் அம்மாவிடம் ஒன்று கேள். அன்றைக்குத் தேதி சொன்னேன் என்கிறாளே, எங்கே வைத்துச் சொன்னாள்? எனக்கு எந்தப் பக்கம் இருந்தாள்? நான் கேட்டதாகச் சொல்லாதே. என் காது பற்றியும் சொல்லாதே. சொன்னால் அதற்கு ஏற்ற மாதிரி பக்கத்தை மாற்றிவிடுவாள்.

தணிகாசலம்


படப்பை
20-7-2025

அன்புள்ள மாமா,

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், சும்மா பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. அப்படியே எழுதுகிறேன்.

"படப்பையில ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்தோம். ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ. அவரு ரோட்டுப் பக்கம், வலது ஓரமா குந்திகினு இருந்தாரு. நான் அவருக்கு இடதுகைப் பக்கம். 'அண்ணா, ஆவணில தேதி குறிச்சிக் குடுத்துக்கிறாங்க, நீ சரின்னா பத்திரிக அடிக்கச் சொல்றேன்'னேன். ஒண்ணும் பேசல. மறுபடியும் சொன்னேன். தலையக்கூட ஆட்டல. லாரியப் பாத்துகினே வந்தாரு. மாப்ள புடிக்கல போலக் கீதுன்னு நெனச்சேன். ரெண்டு வாட்டி கேட்டவகிட்ட வாயத் தொறக்காத மனுசன் வூட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு தட்டு எடுத்துகினு போறது? அதான் சிவா கைல குடுத்து அனுப்பினேன்."

வலது ஓரம் நீங்கள். இடதுகைப் பக்கம் அம்மா. அவர் சொல்லி முடித்த பிறகுதான் நான் உங்கள் காதைப் பற்றிச் சொன்னேன். சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். மன்னியுங்கள். நாலு வருடமாக இரண்டு பேர் பேசுவதையும் தனித்தனியாகக் கேட்டவள் நான். என்னால் முடியவில்லை.

ஆனால் அம்மா நம்பவில்லை.

"காது கேக்கலையா அவருக்கு? நான் அவரு வூட்டுச் சமையக்கட்டுல தட்டு வெச்சா வாசல்ல இருந்து 'மெதுவா'ன்னு சொல்ற ஆளு! இப்ப தப்பு அவரு மேலன்னு ஆனதும் காது மேல பழியப் போடுறாரா?" என்றார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "எங்கண்ணனுக்கு எழுதத் தெரியுமா? யாருகிட்டடி கத உடுற?" என்றார். பிறகு தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். நீங்கள் அழுத்தி எழுதியது அந்தப் பக்கம் புடைத்திருக்கிறது. அதை விரலால் ரொம்ப நேரம் தடவினார். "இந்த அழுத்து அழுத்துற கையி அவருதுதான். காது மட்டும் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பூண்டு உரிக்கப் போய்விட்டார்.

காது டாக்டரைப் பாருங்கள், மாமா. பிறகு அந்த ஆறாவது செட்டையே வாங்குங்கள். இனி வலது காது இரண்டு காதின் வேலையைச் செய்ய வேண்டும். அதை அழுத்தாத, இதமாக உட்காருகிற செட்டுதான் வேண்டும். சத்தத்தை ஏற்றி வைக்காதீர்கள். போனில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்துப் பாட்டும் ஒன்றாகக் கலந்து வரும். சிவசங்கர் அத்தானுக்குத் தெரியும். அவர் உங்களுக்கு எதிராக யாரோடும் சேரவில்லை.

கவி


வாலாஜாபாத்
10-8-2025

என் கவிக்கு,

காஞ்சிபுரத்தில் டாக்டர் பார்த்தார். இடது காது நரம்பு போய்ப் பல வருடம் ஆகிறது என்றார். எத்தனை வருடம் என்று கேட்டேன். நாலுக்கு மேல் இருக்கும் என்றார். எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கடைக்குப் போனோம். வனமாமலை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "ஐயா, இடப்பக்கம் செக் பண்ணிக் குடுக்கட்டுமா?" என்றான். "வேணாம்பா, அது என்னுது" என்றேன். ஆறாவது செட்டை வாங்கினேன். சிவசங்கர் போனில் அந்த அமைப்பைப் போட்டான். கவி, இப்போது நாதஸ்வரமும் தவிலும் ஒரே காதுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி. ஆனால் இருவரும் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நீ ஷிப்டில் இருந்தபோது உன் அம்மா வந்தாள். சொல்லாமல் வந்தாள். நாலு வருடத்தில் முதல் தடவை. வாசலில் நின்றே, "இன்னாமோ காது கேக்கலன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீறியாமே?" என்றாள். டாக்டர் சீட்டை நீட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனுக்குத் தெரியும், அதான் சீட்டக் காட்டுற" என்றாள். எங்கள் இருவருக்கும் அப்பா ஒருவர்தான், அதில் சந்தேகமே இல்லை.

கனகம் நடுவில் புகுந்து, உன் கல்யாணத்துக்கு மாமன் சீராக எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை பிடிக்காதவன் புடவை எடுப்பானா என்று கேட்டாள். உன் அம்மா அதையும் விடவில்லை. "இது அப்ப எடுத்ததா, போன வாரம் எடுத்ததா?" என்று மடிப்பை விரித்துப் பார்த்தாள். மடிப்பு ஓரத்தில் சாயம் வெளுத்திருந்தது. அவள் புடவையை மறுபடி மடித்து வைத்தாள். கனகத்தைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள்.

நாங்கள் இருவர் மட்டும். சிவசங்கரும் வேலைக்குப் போயிருந்தான். "அந்தப் பாட்டுப் பொட்டிய எடு" என்றாள். எடுத்தேன். "வலது காத மட்டும் மூடு. இடது காதத் தொறந்து வெய்யி. பாட்டப் போடு. செவுத்தப் பாத்துகினு குந்து. திரும்புன, அவ்ளோதான்" என்றாள். கெட்டிக்காரி. எந்த லைனிலும் வேலை செய்யாமலே உங்கள் செக்கிங்கைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நாதஸ்வரமும் தவிலும் நடந்துகொண்டிருந்தது. இடது காதுப் பக்கம் அவள் மூச்சு பட்டது. பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. ஒரு உருப்படியை முழுக்க வாசித்து முடித்து, அடுத்த பாட்டையும் தொடங்கிவிட்டார்கள். மூச்சு இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் திரும்பவில்லை.

அப்புறம் அவளாகவே என் முன்னால் வந்து நின்றாள். கண், மூக்கெல்லாம் சிவந்து கிடந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"இன்னா சொன்ன?"

"நெஜமாவே கேக்கலியா?"

"கேக்கல."

"ஒரு வார்த்த கூடவா?"

"இல்லம்மா."

"ஒண்ணும் இல்ல. நாலு வருசத்துக்கும் சேத்து வெச்சித் திட்டினேன்" என்றாள்.

திட்டினால் அவளுக்கு மூக்கு சிவக்காது. எனக்குத் தெரியும். இரண்டு உருப்படி நேரம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சாப்பிட்டாள். புடவையை உன்னிடம் கொடுக்கப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது செருப்பு மாட்டிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்று, "வர்றேண்ணா" என்றாள். கேட்டது என்றேன்.

வியாழக்கிழமை என் இடது காதில் என்ன பேசினாள் என்று அவள் உன்னிடம் சொன்னாலும் நீ எனக்கு எழுத வேண்டாம். அது அந்தக் காதோடு இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு சிவசங்கருக்கு மறுபடி இரவு ஷிப்டு முடிந்து பகல் தூக்கம். வீடு அடங்கிக் கிடக்கும். அப்போது தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். புடவையைக் கட்டிக்கொண்டு எப்படி இருந்தாய் என்று நீ எழுது. நாலு வருடமாகச் சொல்லாமல் விட்ட மீதியை நான் எழுதுகிறேன்.

உன் மாமா
தணிகாசலம்